மலைத்தோட்டத்து ஒயினும் மூக்கரும்

குடிகாரர்களைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. குடிக்காமலேயே கிறங்கிக் கிடக்கும் ஓர் இனம் இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. அதுதான் ஒயின் ரசிகர் இனம். கிளாஸைச் சுழற்றுவார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஈரமண், பழைய தோல், லேசாகப் புகை என்று ஒப்பிப்பார்கள். குடிக்க மட்டும் மனசு வராது. நீங்களும் ஒருவரைப் பார்த்திருப்பீர்களே?

நம்மவர் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். முதுகுக்குப் பின்னால் அலுவலகத்தார் வைத்த பெயர் மூக்கர். மலைச்சரிவுத் தோட்டத்தில் விளைந்த மூன்று வகைத் திராட்சையைக் கலந்து செய்த உயர்ரகச் சிவப்பு ஒயின் ஒன்று, மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவர் வீட்டில் இருந்தது. "ஒயினை இருட்டுல, குளிர்ச்சியா, படுக்கவச்சுதான் வைக்கணும்" என்று கண்டவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்வார். தன் பாட்டிலை மட்டும் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், பல்புக்கு நேர் கீழே நிற்கவைத்திருந்தார். படுக்கவைத்தால் லேபிள் தெரியாதே!

"அந்த பல்பு அடுப்பு மாதிரி சுடுதுங்க" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்?

மகள் ஒருவனை விரும்பினாள். கல்யாணத்தைப் பேசி முடிக்கப் பையனின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். "அவங்க அம்மா கொஞ்சம் ரோஷக்காரங்கப்பா, பாத்துப் பேசுங்க" என்று காலையிலிருந்தே மகள் கெஞ்சியிருந்தாள். அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. தோட்டத்தின் உயரம், அங்கே அடிக்கும் காற்று, திராட்சையின் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் சொல்லி, கார்க்கைத் திருகி, எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தன் கிளாஸை முகர்ந்தார்.

வினிகர். சுத்தமான வினிகர்.

அப்போதே 'கெட்டுப்போச்சு, மன்னிச்சிடுங்க' என்றிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுக் காபி குடித்திருப்பார்கள். அதற்குள் பையனின் அம்மா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க, இப்படிப் புளிக்குது?"

"புளிப்பில்லைங்க, அதுக்குப் பேரு ஆழம். பழகாத நாக்குக்கு அப்படித்தான் இருக்கும்."

"அப்ப எங்க நாக்கு மட்டமான நாக்குங்கிறீங்களா?"

மகள் தன் கிளாஸை எடுத்துக் குடித்துப் பார்த்தாள். "அப்பா, கெட்டுப்போயிருக்குப்பா. சொல்லிடுங்கப்பா" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. அவள்மேல் அவருக்கு உயிர். அந்த முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"உனக்கும் இன்னும் பழகல" என்று சொல்லிவிட்டு முழு கிளாஸையும் மடமடவென்று குடித்து, தொண்டை எரிய, "ஆஹா!" என்றார்.

சம்பந்தி ஆகவேண்டியவர்கள் எழுந்துவிட்டார்கள். சமாதானப்படுத்த வாசல்வரை ஓடிய மகள், திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர்கள் காரிலேயே ஏறிப் போய்விட்டாள்.

"மிச்சத்தையும் நீங்களே குடிங்க" என்று மனைவி பாட்டிலை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் குடித்தார். இப்போது நிறுத்தினால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

நீங்கள் ஒயினைத் தொட்டதே இல்லையா? ரொம்ப சந்தோஷம். ஆனால் இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, 'நான் சொன்னது தப்பு' என்று உங்கள் வீட்டில் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? நிதானமாக யோசியுங்கள். வாசலில் கார் கிளம்பும் வரை நேரமிருக்கிறது.