ஆறடி நீளக் கம்பளிப் பெட்டி

மனைவியிடம் ஒரே ஒரு பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லி முடிப்பது என்று மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் தீர்மானித்த அன்று, அந்தப் பொய் வாசலில் வந்து இறங்கியது. ஆறடி நீளம். நாலு பேர் தூக்கினார்கள்.

பழைய பேய்ப் படங்களில் நடித்த பொருள்களைச் சேர்ப்பவர் அவர். மாடி அறை அலமாரிகளில் ரப்பர் கை, மெழுகுத் தலை, கோரைப்பல் என்று நாற்பது உருப்படிகள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டியிருப்பார்: அது என்ன, எந்தப் படம், எந்த வருடம். சந்தேகம் இருந்தால் அட்டையைக் காலியாக விடுவாரே தவிர, தப்பாக எழுத மாட்டார். "இனி ஒரு பேய்கூட உள்ளே வரக் கூடாது" என்று மனைவி உத்தரவு போட்டு மூன்று மாதம் ஆகிறது.

"என்னங்க இது?"

"கம்பளி வைக்கிற பெட்டிம்மா. உனக்குத்தான்."

"ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் குறுகலா இருக்கே?"

"அந்தக் காலத்து வேலைப்பாடு."

"உள்பக்கம் எதுக்குத் தாழ்ப்பாள்?"

படத்தில் பேய் தானே திறந்துகொண்டு எழுந்து வருவதற்காக வைத்த தாழ்ப்பாள் அது. அதற்காகத்தான் எட்டு வருடம் அலைந்திருந்தார்.

"கம்பளிக்குப் பாதுகாப்பா இருக்கட்டுமேன்னு..."

அவள் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். "ரொம்ப நல்லா இருக்கு. எங்க அக்கா இப்படி ஒண்ணுதான் கேட்டுக்கிட்டிருந்தா. வண்டி இன்னும் போகலையே? அப்படியே அனுப்பிடலாம்."

அவர் பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"வழியில மாறிடக் கூடாது. உங்க அட்டை ஒண்ணுல 'கம்பளிப் பெட்டி'ன்னு எழுதிக் கட்டிடுங்க."

அட்டையையும் பேனாவையும் நீட்டினாள். வாங்கினார். வாயால் சொல்வது வேறு, அட்டையில் எழுதுவது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. ரப்பர் கைக்குக் காட்டிய நேர்மையை, இருபது வருடம் கூட வாழ்ந்தவளுக்குக் காட்டவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. மெல்ல எழுதினார்: சவப்பெட்டி.

அவள் எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இறக்கும்போதே தெரியும். கம்பளிப் பெட்டின்னா அக்கா வீட்டுக்குப் போயிருக்கும். சவப்பெட்டின்னா இங்கேயே இருக்கட்டும்."

"நிஜமாவா?"

"பேய்ங்க இருக்க வேண்டிய இடம் அதுதானே? நாற்பதையும் உள்ளே அடுக்கிடுங்க."

சந்தோஷத்தில் படி ஏறி இறங்கி, மூச்சு வாங்க அடுக்கி முடித்தார். மூடிகூட மூடியது. கடைசியாக மேலே போய்ப் பார்த்தால், அறை துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று கிடந்தது. ஜன்னல் ஓரமாக மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"நல்ல வெளிச்சம். தையல் மெஷினை மேலே தூக்கணும், ஒரு கை பிடிங்க."