செம்புப் பட்டமும் என் மனைவியின் கால் கணக்கும்

லண்டனில் நாலு பையன்கள் கிடார் தட்டிப் பாடினால் திருச்சி பாலக்கரையில் ஒரு குமாஸ்தாவுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். என் மனைவி இருதயமேரியும் அதையேதான் கேட்டாள். இரண்டு வருஷமாக, வாரம் தவறாமல் கேட்டாள்.

நான் சவரிநாதன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். அந்த நாலு பேர் கோஷ்டிக்குக் 'காப்பர் கைட்ஸ்' என்று பெயர். 1963-ல் பக்கத்து வீட்டு கிளமென்ட் அவர்களுடைய முதல் ரெக்கார்டைத் தன் வீட்டில் போட்டுக் காட்டினான். அன்று விழுந்தவன்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

"காப்பர்னா என்னங்க?" என்றாள் மேரி.

"செம்பு."

"கைட்னா?"

"பட்டம்."

"செம்புல பட்டம் செஞ்சா எங்கங்க பறக்கும்?"

"பறக்கும். நீ பார்த்துக்கிட்டே இரு."

பறந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடல் தாண்டியிருந்த ஒரு ரேடியோ ஸ்டேஷனில் அந்த வாரத்து இங்கிலீஷ் பாட்டு வரிசையைச் சொல்வார்கள். இருபதாம் இடத்தில் ஆரம்பித்து ஒன்றாம் இடத்தில் முடிப்பார்கள். நான் நோட்டும் பென்சிலுமாக ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எனக்குப் பின்னால் மேரி தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பது அவள்தான்.

முதல் ரெக்கார்டு பத்தொன்பதில் நுழைந்து, பதினாலுக்கு ஏறி, மூன்றாம் வாரம் காணாமல் போனது. பாட்டு இறங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது ஒன்பது வரை வந்தது. மூன்றாவது நாலு. நாலாவது மறுபடி பன்னிரண்டு. அந்த மாதம் முழுக்க நான் ஷேவ் செய்யவில்லை. 1965 ஜனவரியில் ஐந்தாவது ரெக்கார்டு வந்தது. முதலிடம்! மறுநாள் ஒர்க்‌ஷாப் ஆபீசில் ஆளுக்கொரு ஜாங்கிரி கொடுத்தேன்.

"என்ன குழந்தை சார்?" என்றார் ஹெட் கிளார்க்.

"குழந்தை இல்ல சார். பட்டம் மேல போயிடுச்சு."

"மேல போச்சா? அடடா. எத்தனை வயசு?"

விளக்கிச் சொல்வதற்குள் அவர் இரண்டாவது ஜாங்கிரியை எடுத்துவிட்டார்.

இதில் ஒரு ரகசியம். பட்டத்தின் ரெக்கார்டு ஒவ்வொன்றையும் நான் வாங்கிவிட்டேன். போட்டுக் கேட்க வீட்டில் பிளேயர்தான் இல்லை. முதல் ரெக்கார்டு வாங்கிய அன்று, "மேரி, தட்டு வாங்கியிருக்கேன்" என்று மெதுவாக ஆரம்பித்தேன். "சோத்துத் தட்டா? எவர்சில்வரா?" என்று ஓடி வந்தாள். கறுப்பாக இருந்ததைப் பார்த்துவிட்டு அவள் நின்ற நிலையில், அதற்குப் பிறகு வாங்கியதையெல்லாம் ட்ரங்குப் பெட்டியில் பட்டு வேஷ்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கேட்க வேண்டுமென்றால் கிளமென்ட் வீடு. அவன் மனைவி காப்பி கொடுக்கும்போது விடுகிற பெருமூச்சு, பாட்டைவிடச் சத்தமாக இருக்கும்.

அதே 1965 நவம்பரில்தான் ஷேக் தாவூது அந்த அறிவிப்பை வைத்தார். மெயின்கார்டு கேட் பக்கத்தில் ரேடியோவும் ரெக்கார்டும் விற்கிறவர். காப்பர் கைட்ஸின் மூன்று பாட்டுகள் ஒரே சமயத்தில் வரிசையில் ஓடிக்கொண்டிருந்தன. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றும் எந்தெந்த இடத்தில் நிற்கும்? சரியாக எழுதித் தருபவருக்கு ஒரு ரெக்கார்டு பிளேயர் பரிசு. ஒரு ரெக்கார்டு வாங்கினால் ஒரு கூப்பன். ஸ்ரீரங்கத்திலிருந்தெல்லாம் காலேஜ் பையன்கள் பஸ் ஏறி வந்து கூப்பன் வாங்கினார்கள்.

நான் இரண்டு ரெக்கார்டு வாங்கினேன். இரண்டு கூப்பன் கிடைத்தது. கிளமென்டிடம் மார் தட்டினேன்.

"ரெண்டு வருஷ நோட்டு வச்சிருக்கேன்டா. எனக்கு வராம யாருக்கு வரும்? பிளேயர் எனக்கு இல்லைன்னா இனிமே காப்பர் கைட்ஸ்ங்கற பேரையே வாயால சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?" என்று கேட்டது கிளமென்ட் இல்லை. காப்பியோடு வந்த அவன் மனைவி.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட வியர்த்தது. ஒவ்வொரு பாட்டும் வந்த முதல் வாரமே, அது எதுவரை ஏறும் என்று நான் கணித்து எழுதியிருந்தேன். ஏறி இறங்கி முடிந்த எட்டுப் பாட்டில் ஒன்றுதான் சரி. ஓரத்தில் கோபத்தோடு வேறு சில வரிகள் கிறுக்கியிருந்தேன். 'மேரி உளறுகிறாள், ஒன்பதாம். பார்ப்போம்.' 'மேரி நாலு என்கிறாள். இவளுக்கு என்ன தெரியும்?' 'பன்னிரண்டைத் தாண்டாதாம்! சிரிப்பு வருகிறது.'

எட்டுக்கு எட்டு. அத்தனையும் அவள் சொன்ன இடத்தில் வந்து நின்றிருந்தது. மிஷினை மிதித்துக்கொண்டே, முதுகுக்குப் பின்னாலிருந்து போகிற போக்கில் சொன்னது.

ஒரு மகத்தான திட்டம் என் மூளையில் உதித்தது. மேரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. ஆனால் கேட்டது எதற்கென்று அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஆயுசு முழுக்க அவள் தலைக்கு மேல் கிரீடம்.

மறு ஞாயிறு மூன்று பாட்டும் வரிசையில் வந்தன. மேரி அவற்றுக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தாள். தும்மல் பாட்டு, வயிற்றுவலிப் பாட்டு, தாலாட்டு. நான் கொட்டாவி விட்டுக்கொண்டே ஆரம்பித்தேன்.

"ஏன் மேரி, கிறிஸ்துமஸ் சமயத்துல இந்தத் தும்மல் பாட்டு எங்க இருக்கும்?"

மிஷின் நின்றது. "எதுக்குங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மாவா?"

"சும்மாதான். பேச்சுக்கு."

ஊசியில் நூல் கோத்தாள். "தும்மல் ரெண்டாவது. வயித்துவலி அஞ்சு. தாலாட்டு பதினொண்ணு."

"ஓகோ" என்றேன், காதில் விழாதவன் மாதிரி. உடனே கொல்லைப் பக்கம் போய் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மறுநாள் காலையில் ஒரு கூப்பனில் அதை அப்படியே எழுதித் தாவூதின் பெட்டியில் போட்டேன். இன்னொரு கூப்பன் வேண்டியதில்லை. எட்டுக்கு எட்டு சொன்னவளிடம் வாங்கிய கணக்கு. ஆபீசில் அன்றே அறிவித்துவிட்டேன், பிளேயர் வந்தாயிற்று என்று. ஹெட் கிளார்க் ஜாங்கிரி எப்போது என்று கேட்டார்.

அந்த ஞாயிறும் வந்தது. கிளமென்டும் அவன் மனைவியும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ரேடியோ கரகரத்தது. மேரி எப்போதும்போல மிஷினில்.

இருபது. பத்தொன்பது. பதினெட்டு. பதினேழாம் இடத்தில் தாலாட்டு வந்தது.

"பதினொண்ணுதானே?" என்றேன் ரேடியோவிடம். ரேடியோ பதில் சொல்லவில்லை. கிளமென்டின் மனைவி புன்னகை செய்தாள்.

ஆறாம் இடத்தில் வயிற்றுவலி வந்தது. எனக்கும் வந்தது.

கடைசியில் ஒன்றாம் இடம். தும்மல் பாட்டு! இரண்டாவது தடவையாக என் பட்டம் உச்சியில் பறந்தது. அதைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஒரே ரசிகன் உலகத்திலேயே நான்தான்.

"பரவாயில்லைங்க" என்றாள் மேரி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "பாட்டு ஜெயிச்சிருச்சில்ல."

செவ்வாய்க்கிழமை தாவூது கடை வாசலில் பலகை வைத்திருப்பதாகக் கிளமென்ட் ஓடி வந்து சொன்னான். போய்ப் பார்த்தேன். சாக்பீஸில் எழுதியிருந்தது: ஒன்று, ஆறு, பதினேழு. மூன்றும் சரி. பரிசு பெறுபவர், திருமதி ச. இருதயமேரி, பாலக்கரை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். 'ச' என்பது நான்தான்.

வீட்டுக்கு ஓடினேன்.

"கூப்பன் எங்கடி கிடைச்சது உனக்கு?"

"உங்க சட்டைப் பையில. துவைக்கறப்போ எடுத்து வச்சேன். நல்லவேளை, நனையல."

"அது நான் வாங்கின கூப்பன்!"

"நீங்க வாங்கினதுதான். நான் எழுதினது."

"அப்ப என்கிட்ட ஏன் தப்பாச் சொன்ன? ரெண்டு, அஞ்சு, பதினொண்ணுன்னு?"

"நீங்க போட்டிக்குன்னு கேட்டீங்களா?" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "சும்மா கேட்டேன்னு சொன்னீங்க. சும்மா கேட்டதுக்குச் சும்மா சொன்னேன். 'மேரி, எனக்குத் தெரியல, நீ சொல்லு'ன்னு கேட்டிருந்தா, நிஜத்தைச் சொல்லியிருப்பேன். நோட்டு ஓரத்துல எழுதி வச்சிருக்கீங்களே, 'உளறுகிறாள்'னு. நான் உளறினா அது எப்படி இருக்கும்னு காட்ட வேண்டாமா?"

நான் திறந்த வாயை மூடினேன். மூடியதுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

பரிசளிப்பு வியாழக்கிழமை. கடை வாசலில் ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம். மேரி கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு கடைப் படியில் ஏறி நின்றாள். "எப்படிம்மா கரெக்டாச் சொன்னீங்க?" என்று தாவூது கேட்டார்.

"நான் மிஷின் மிதிக்கிறவ. பின்னால பாட்டு ஓடும். கால் தானா வேகம் எடுத்துச்சுன்னா அந்தப் பாட்டு ஏறும். எவ்வளவு வேகமோ அவ்வளவு மேல. கால் தடுமாறி, தையல் கோணினா, இறங்கும். இந்தத் தும்மல் பாட்டுக்கு நாலு ஜாக்கெட்டை ஒரே மூச்சுல தைச்சிட்டேன்."

காலேஜ் பையன்கள் விசிலடித்தார்கள். கைதட்டல் நிற்கவில்லை. நானும் தட்டினேன். உள்ளங்கை சிவக்கும் வரை தட்டினேன். தோற்றவன் மாதிரியே எனக்கு இல்லை. பக்கத்தில் நின்றவரிடம், "என் சம்சாரம்ங்க" என்றுகூடச் சொன்னேன். கேட்காதவரிடமும் சொன்னேன்.

ரிக்‌ஷாவில் பிளேயரை என் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். தெருவே ஜன்னலில் தொங்கியது. உள்ளே வந்தும் நான் பிளேயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன பார்க்கிறீங்க?" என்றாள் மேரி. "ட்ரங்குப் பெட்டியில வேஷ்டிக்கு அடியில பத்துத் தட்டு இருக்கு. எடுத்துட்டு வாங்க. முதல்ல தும்மலைப் போடுங்க."

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாலக்கரையில் எங்கள் வீட்டுப் பாட்டுக்கு ஆடாத கால் இல்லை. கிளமென்டின் மனைவிகூட ஆடினாள்.

ஜனவரியில் ஒரு லீவு நாள் மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஷேக் தாவூதே வந்திருந்தார். கையில் காப்பர் கைட்ஸின் அடுத்த ரெக்கார்டு, அன்றுதான் வந்தது. எத்தனை பிரதி தருவிக்கலாம் என்று யோசனை கேட்க வந்ததாகச் சொன்னார். என் மார்பு நாலு அங்குலம் விரிந்தது. மேரி தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் போயிருந்ததால், அவரை உட்கார வைத்து நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். ரெக்கார்டைப் போட்டு இரண்டு தடவை கண்ணை மூடிக் கேட்டேன். பிறகு கிடார் என்ன செய்கிறது, டிரம் எங்கே முந்துகிறது, போன வருஷம் ஏறியது ஏன், முந்தின வருஷம் இறங்கியது ஏன் என்று அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். இது நிச்சயம் மூன்றாம் இடம் என்று முடித்தேன்.

தாவூது ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல், தலையாட்டிக்கொண்டே, மிகுந்த மரியாதையோடு கேட்டார். நான் முடித்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரொம்பச் சந்தோஷம் சார். அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?"