வாசலைத் தாண்டிய பூட்ஸ்

மாவுக் கையோடு நடைக்கு வந்த பொகுமில், ஷூ அலமாரியைப் பார்த்துத் திகைத்து நின்றார். மகள் கிங்காவின் தட்டு காலியாக இருந்தது.

நேற்று ராத்திரிவரை நிறைந்துதான் கிடந்தது. பழுப்பு பூட்ஸ், கறுப்பு ஹீல்ஸ், மழைக்குப் போடுகிற ரப்பர் ஷூ, எல்லாம் இருந்தன. இப்போது அறுந்த லேஸ் ஒன்று மட்டும் கிடந்தது.

"கிங்கா, உன் ஷூவெல்லாம் எங்கேம்மா?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்ப்பா," என்று அறையிலிருந்து குரல் வந்தது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாமே பழசாயிடுச்சு."

"மழை ஷூ போன மாசம்தானே வாங்கின?"

"அது கடிக்குது."

இன்று புனித ஆந்திரேயா திருநாளுக்கு முந்தைய நாள். சாயங்காலம் அக்கா வான்டா தன் இரட்டைப் பெண்களோடு வந்துவிடுவாள். மெழுகை உருக்கிச் சாவியின் பிடியில் இருக்கிற துளை வழியாகத் தண்ணீரில் ஊற்றி, உறைகிற வடிவத்தை வைத்துக் குறி சொல்வார்கள். ஆப்பிள் தோலைச் சீவித் தோளுக்குப் பின்னால் எறிவார்கள். கடைசியாக ஷூ வரிசை. கல்யாணமாகாதவர்களின் இடது கால் ஷூக்களை நடையின் கோடிச் சுவரிலிருந்து ஒன்றன் முன் ஒன்றாக வைக்க வேண்டும். வரிசை முடிந்ததும் பின்கோடியில் இருக்கிற ஷூவை எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும். இப்படியே நகர்ந்து நகர்ந்து எந்த ஷூ முதலில் வாசற்படியைத் தாண்டுகிறதோ, அந்த ஷூக்காரருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம். சும்மா விளையாட்டு என்றுதான் சனோக் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டும் இருப்பார்கள்.

போன வருஷம் இதே நடையில் நின்றுதான் கிங்கா வாயை விட்டாள். "அடுத்த வருஷம் என் ஷூ வாசலைத் தாண்டட்டும்ப்பா, மறுபேச்சு பேசாம ஷிமோனைக் கட்டிக்கிறேன்."

அவள் மறந்திருப்பாள். பெற்றவர் மறப்பாரா?

கிங்கா கால்நடை மருத்துவர். ரொட்டி வண்டி ஓட்டும் ஷிமோனோடு வருஷக் கணக்காகப் பழக்கம். நல்ல பையன்தான், ஆனால் வாயில் கொழுக்கட்டை. ஆகஸ்டில் ஏதோ மாட்டு வைத்தியர் மாநாடு என்று கிங்கா கிராகுஃப் நகரத்துக்குப் போனபோது அவன்தான் ரொட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அவ்வளவு தூரம் தனியாகப் போய்வந்தும் கல்யாணப் பேச்சை எடுக்காமல் திரும்பிய பயல்மேல் பொகுமிலுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆனால் உண்மையான தடை ஷிமோன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். மனைவி இறந்தபோது, சில வாரம் சமைத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று வந்த மகள் அப்படியே தங்கிவிட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "உனக்கு முட்டை வேக வைக்கத் தெரியுமா? முதல்ல உனக்கு ஒரு துணை வரட்டும், அப்புறம் என்னைப் பாரு" என்பாள். அவள் வைத்துக் கொடுக்கிற சூப்பைக் குடிக்கும்போதெல்லாம் அவருக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

அதனால் இந்த வருஷம் இரண்டு திட்டம். ஒன்று, தன் கையால் ஆப்பிள் கேக் செய்து, தனக்குச் சமையல் வரும் என்று நிரூபிப்பது. இரண்டாவது ஷூ வரிசை. பொகுமில் ஆயுசு முழுக்க டைல்ஸ் ஒட்டியவர். இந்த நடையில் கிடக்கிற ஒவ்வொரு டைல்ஸும் அவர் கை பட்டது. ஒரு வாரமாக யாரும் இல்லாத நேரத்தில் ஷூக்களை அடுக்கிப் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கிங்காவின் பழுப்பு பூட்ஸ் மூன்றாவதாக நின்றால் வெற்றி நிச்சயம். அந்த பூட்ஸைத்தான் இப்போது காணோம்.

பரணில் ஏறினார். கிங்கா பள்ளிக்கூட நடனத்துக்குப் போட்ட வெள்ளை ஷூ ஒரு பெட்டியில் கிடைத்தது. தூசியைத் தட்டி முத்தம் கொடுத்தார். கீழே இறங்கியபோதுதான் அடுப்பின் ஞாபகம் வந்தது.

கேக் தட்டில் ஒரு குளம் கொதித்துக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டிக்கொண்டு கீழ்வீட்டு யாத்விகா நின்றாள். பொத்தான் கடை வைத்திருக்கிறவள், அவளும் துணையை இழந்தவள். "மாடியிலேர்ந்து கருகல் வாசனை வருது. வீடு எரியுதா, சமைக்கிறீங்களா?"

"கேக் செய்யறேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். "ஆப்பிளைத் துருவினீங்களே, பிழிஞ்சீங்களா?"

"பிழியணுமா?"

"பிழியாட்டி இது கேக் இல்லை, கஷாயம். நகருங்க."

யாத்விகா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். குளத்தை வடித்து, புது மாவு பிசைந்து தட்டில் பரப்பி, அதன்மேல் ரவை தூவினாள். "ஈரத்தையெல்லாம் ரவை குடிச்சிடும். இதுகூடத் தெரியாம இவ்வளவு வருஷம் உயிரோட இருந்திருக்கீங்க." பிழிந்த ஆப்பிளை அவர் பரப்ப, அவள் பட்டைத்தூள் போட்டாள். மிச்ச ஆப்பிளின் நடுவைக் குடைந்து வால்நட்டும் தேனும் அடைத்தார்கள். அடுப்படி முழுக்க நல்ல வாசனை பரவியது. பொகுமிலுக்கு ஒரு நிமிஷம் ஷூ மறந்தே போய்விட்டது.

பிறகு ஞாபகம் வந்து, ஷூக்களுக்குப் பதிலாகத் தீக்குச்சிகளை மேஜையில் அடுக்கிப் பார்த்தார். பள்ளிக்கூட ஷூ சின்னது. கணக்கு உதைத்தது. இன்னொரு ஷூ சேர்ந்தால் சரியாகிவிடும்.

"யாத்விகா, சாயங்காலம் நீங்களும் வாங்க. உங்க ஷூவையும் வரிசையில வைக்கலாம்."

"என் வயசுக்கா?" என்றாள் அவள். ஆனால் கீழே போனவள், நல்ல கவுன் போட்டுக்கொண்டு, பொத்தான் வைத்த ஷூவோடு, ஒரு கசகசா ரோலையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வான்டாவும் பெண்களும், பின்னாலேயே ரொட்டி வண்டியில் ஷிமோனும் வந்ததும் வீடு நிறைந்தது. இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் நீதிபதியும் போலீசும் வான்டாதான். மெழுகு ஊற்றினார்கள். பொகுமிலின் மெழுகு ஒரு கரண்டி மாதிரி உறைந்தது. "உன் வீட்டுல கரண்டி பிடிக்க ஆள் வரப்போகுதுடா," என்றாள் வான்டா. இரட்டையர் ஆப்பிள் தோலை எறிந்ததில் ஒன்று ஷிமோனின் காதில் தொங்கியது. அவன் அதை எடுத்துத் தின்றுவிட்டான். கிங்காவின் மூன்றுகால் நாய் பூரெக், மேஜைக்கடியில் கசகசா ரோலுக்காகத் தவம் கிடந்தது.

"சரி, ஷூவைக் கொண்டாங்க," என்றாள் வான்டா. "ஷிமோன், உன்னுது?"

"வண்டியில ரொட்டி இருக்கு அத்தை. பார்த்துட்டு வந்துடறேன்," என்று ஷிமோன் எழுந்து போய்விட்டான்.

"சரியான கோழை," என்று பொகுமில் பல்லைக் கடித்தார். "கிங்காவோடது இதோ இருக்கு அக்கா."

வெள்ளை ஷூவைக் கண்டதும் கிங்காவின் முகம் போன போக்கை அவர் கவனிக்கவில்லை. "அது பள்ளிக்கூடத்துல போட்டதுப்பா. செல்லாது. என்ன அத்தை?"

"கால்ல நுழையாத ஷூ செல்லாதுதான்," என்றாள் வான்டா.

"பார்த்தியா?" என்று கிங்கா நிம்மதியாகச் சாய்ந்தாள்.

"நுழையும்," என்றார் பொகுமில். மண்டியிட்டு, மகள் காலைப் பிடித்து, சோப்பைத் தடவி, ஷூக்கரண்டியைச் செருகி, வேண்டாம் வேண்டாம் என்று அவள் கத்தக் கத்த ஒரே அழுத்து அழுத்தினார். நுழைந்துவிட்டது.

வரிசையில் வைக்க வேண்டும் என்றால் கழற்ற வேண்டுமே. அதுதான் முடியவில்லை. பொகுமில் இழுத்தார். இரட்டையர் பொகுமிலை இழுத்தார்கள். கிங்கா நாற்காலியோடு நடைவரை வந்துவிட்டாளே தவிர, ஷூ காலைவிட்டு வரவில்லை.

"வாத்துக் கொழுப்பு தடவுப்பா," என்றாள் கிங்கா. "நிறையத் தடவு. வெளியிலயும் தடவு."

"வெளியில எதுக்கும்மா?"

"தடவேன்."

தடவினார். பளக்கென்று கழன்ற ஷூ கையைவிட்டு நழுவித் தரையில் விழுந்தது. ஊர் உலகத்தில் பூரெக்குக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த பொருள் வாத்துக் கொழுப்பு. மூன்று காலில் ஒரு நாய் அவ்வளவு வேகமாக ஓடும் என்று பொகுமில் நினைத்ததில்லை. அவர் எழுந்திருப்பதற்குள் அது ஷூவோடு தெருவில் இருந்தது.

"ஷிமோன், பிடிடா அதை," என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"சரிங்க மாமா," என்று கீழே இருந்து பதில் வந்தது. பதில்தான் வந்தது, ஆள் ஓடுகிற சத்தம் வரவில்லை.

"நாய் வர்றவரைக்கும் காத்திருக்க முடியாது," என்று வான்டா கண்டிப்பாகச் சொன்னாள். "ஆனா ஷூ குறையுதே. பொகுமில், நீ வை."

"நானா? கல்யாணமாகி, பொண்ணுக்கே கல்யாண வயசு தாண்டிக்கிட்டிருக்கு."

"பொண்டாட்டி உசுரோட இருந்தா நீ கல்யாணமானவன். இப்போ ஒண்டிக்கட்டைதானே? கல்யாணமானவங்க ஷூ வரிசையில வந்தாத்தான் குடும்பத்துக்கு ஆகாது. உன்னுது வரலாம். கொண்டா."

பொகுமில் வேலைக்குப் போடும் பூட்ஸைக் கொண்டுவந்தார். சிமென்ட் படிந்த ராட்சச பூட்ஸ். எல்லா ஷூவும் வைத்தாகிவிட்டது. மூன்றாவது இடம் மட்டும், மகளுக்காக அவர் ஒதுக்கி வைத்திருந்த இடம், காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் அதில் வைத்தார். அதற்குப் பின்னால் யாத்விகாவின் பொத்தான் ஷூ, பூனைக்குட்டி மாதிரி ஒட்டி நின்றது.

வரிசை நகர ஆரம்பித்தது. ஷூ மாறியும் கணக்கு பலிக்கிறதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வியர்த்தது. ஒரு வாரம் உட்கார்ந்து பெண்ணுக்குப் போட்ட பாதையில் தன் பூட்ஸ் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, கொஞ்சம் மெதுவா வை. ஷிமோன் வந்துடட்டும்."

"வாயை மூடிட்டு நில்லு."

"இந்த டைல்ஸ் கொஞ்சம் சரிவா இருக்கு. செல்லாது."

"ஒட்டினது யாரு?"

பொகுமில் பின்வாங்கினார். தொழில் மானம் ஒன்று இருக்கிறதே.

கடைசி முறை வான்டா குனிந்து பூட்ஸைத் தூக்கி முன்னால் வைத்தாள். சிமென்ட் படிந்த மூக்கு வாசற்படியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இரட்டையர் கூச்சலிட்டார்கள். எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியது கிங்காதான்.

பொகுமில் சுவரில் சாய்ந்துகொண்டார். "உனக்காகத்தான் கிங்கா எல்லாம் செஞ்சேன். ஷூவை அடுக்கி அடுக்கிப் பார்த்தேன். கேக்கெல்லாம் செஞ்சேன். நீ போனாலும் நான் பட்டினி கிடக்க மாட்டேன்னு உனக்குக் காட்டணும்னுதான்."

கிங்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னவோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

யாத்விகா ஒரு தட்டை நீட்டினாள். "முதல்ல கேக்கைச் சாப்பிட்டுப் பாருங்க. வெந்திருக்கு."

சாப்பிட்டார். அடி மொறுமொறுவென்று, நடு மெத்தென்று, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தது. இந்த அடுப்பில் அவர் கை பட்டு உருப்படியாக வந்த முதல் பண்டம் அது. எல்லோரும் இரண்டாவது துண்டு கேட்டார்கள். அக்கா வான்டா மூன்றாவது துண்டைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். பொகுமிலுக்கு நெஞ்சு விம்மியது. வாசலைப் பார்த்தார். தன் பூட்ஸையும் அதை ஒட்டி நின்ற பொத்தான் ஷூவையும் பார்த்தார்.

"அடுத்த வாரம் பூசணி சூப்பு சொல்லித் தரேன்," என்றாள் யாத்விகா.

"சொல்லித் தர வேண்டாம்."

"ஏன்?"

"கூடவே இருந்து செய்யுங்களேன். அடுத்த வாரமும், அதுக்கப்புறமும்."

யாத்விகா கையிலிருந்த தட்டைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள். "அந்தச் சிமென்டைச் சுரண்டித் தர்றதா இருந்தா இருக்கேன்," என்றாள்.

வான்டா தன் அறுபத்தைந்து வயதையும் மறந்து விசிலடித்தாள். கிங்கா ஓடிவந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், பிறகு ஜன்னலுக்குப் போய், "ஷிமோன், இனிமே மேல வரலாம்," என்று கத்தினாள்.

பொகுமில் கொடியேற்றியவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். இனி மகளுக்குச் சாக்குச் சொல்ல வழியே இல்லை. "கேட்டுக்கோ கிங்கா. இந்தத் தடவை நாய் உன்னைக் காப்பாத்திடுச்சு. அடுத்த வருஷம் பார். நாயைக் கட்டிப்போட்டு, உன் பழுப்பு பூட்ஸை நானே மூணாவதா வைப்பேன்."

ஒரு கையில் கடித்துக் குதறிய வெள்ளை ஷூவும், மறு கையில் கிங்காவின் பழுப்பு பூட்ஸ் எட்டிப் பார்க்கிற ரொட்டிப் பெட்டியுமாக வாசலில் வந்து நின்ற ஷிமோன், வாழ்க்கையில் முதல்முறையாக அவரை மறுத்துப் பேசினான்.

"அடுத்த வருஷமும் வைக்க முடியாது மாமா. ஆகஸ்ட்லயே கிராகுஃப்ல கல்யாணமானவ ஷூவை எப்படி வரிசையில வைக்கிறது?"