பந்தியில் உட்கார்ந்துவிட்ட கட்டுரை

பீளமேடு,
ஞாயிறு, பிற்பகல்.

பெருமதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

உதய் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே சித்தியும் உங்கள் இடது காதும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

முதலில் முக்கியமானது. நிச்சயதார்த்தம் நிற்கவில்லை. ஆவணியில், பேசிய மண்டபத்தில், பேசியபடி நடக்கிறது. நீங்கள் முன்னின்று முடித்துவைத்த சம்பந்தம் அப்படியே இருக்கிறது. பெங்களூருக்கு வந்த செய்தி தவறு. அது எப்படிக் கிளம்பியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். உங்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் மாடி வீட்டு இல்யாஸ் பாய்க்கும் கேட்கும். சத்தம் போட்டுச் சொல்கிற விஷயமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சிறப்பிதழ்.

எங்கள் கல்லூரி ஓர் ஆய்விதழ் நடத்துகிறது. வருடத்துக்கு நான்கு இதழ். வாசகர்களும் ஏறக்குறைய அவ்வளவுதான். முதன்மை ஆசிரியர் மரியஅந்தோணி சார், கோவை வட்டாரச் சிறுதொழில்கள் பற்றி ஒரு சிறப்பிதழ் போடலாம், அந்த ஓர் இதழுக்கு மட்டும் நீ ஆசிரியராக இரு என்றார். கெஸ்ட் எடிட்டர் என்று அட்டையில் போடுவார்கள். பெயர்தான் விருந்தாளி. பரிமாறுவது, இலை எடுப்பது எல்லாம் நான்.

கட்டுரை கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவரும் எழுதவில்லை. ஒருவர் மட்டும் தன் முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னார். சாரிடம் போனேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"மெயில்ல கூப்பிட்டா யாருங்க தம்பி வருவாங்க? கண்ணாலப் பத்திரிகையத் தபால்ல போட்டா நீங்க போவீங்களா? நேர்ல போகோணும். உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சு, கையில குடுத்து, அவசியம் வரோணும்னு சொல்லோணும்."

கோவைக்காரர்களுக்கு இது சட்டம். எனக்கு மறந்துவிட்டிருந்தது. அழைப்பை அச்சடித்தேன். அச்சகத்தார் பழக்க தோஷத்தில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்துவிட்டார். அதையே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். துடியலூரில் பேராசிரியர் கிளாடிஸ் மேடம் மஞ்சளைப் பார்த்துவிட்டு, "பொண்ணு யாருங்க?" என்றார். சொன்னேன். அழைப்பைப் படித்தார். "சரி, நேர்ல வந்துட்டீங்க, எழுதாம இருக்க முடியுங்களா" என்றார். எல்லா இடத்திலும் இதே வாசகம். சார் சொன்னது உண்மை. கட்டுரைகள் வர ஆரம்பித்தன.

அப்புறம் கிணத்துக்கடவு. தென்னைநார் பற்றி ஆராயும் ஒருவருக்குக் கொடுக்கத்தான் போனேன் சித்தப்பா, சத்தியமாக அதற்கு மட்டும்தான், ஆனால் அந்த ஊர் வரை போய்விட்டு நீங்கள் எனக்குப் பேசிமுடித்த பிரீத்திகா வீட்டுக்குள் தலைகாட்டாமல் திரும்பினால் நீங்களே என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டீர்கள், அதனால் போனேன், பையை நாற்காலியில் வைத்தேன், பை சாய்ந்தது, மஞ்சள் மூலைகள் வெளியே தெரிந்தன, பிரீத்திகாவின் அப்பா பார்த்துவிட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் முப்பது வருஷம் கிரைண்டர் பட்டறை நடத்தியவர். இப்போது தென்னந்தோப்பும் ஓய்வும். சிறுதொழில் என்ற சொல்லைப் படித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங் மாப்ள, ஊரெல்லாம் குடுக்கறீங்க. எங்களுக்கு இல்லீங்களா?"

பக்கத்து வீட்டுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு இந்த வீட்டைத் தாண்டிப் போக முடியுமா. கொடுத்தேன். அவசியம் எழுதோணும் மாமா என்றும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எழுதினார். வேகமாக எழுதினார். "கோவை அரவைக்கல் தொழில்: ஒரு முழுமையான வரலாறு." படித்தேன். அதில் எல்லாத் தொழிலாளர்களும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். எல்லா வாடிக்கையாளர்களும் நன்றி சொன்னார்கள். எந்த மோட்டாரும் எரியவில்லை. நடுவில் நான்கு பக்கம், பிரிந்துபோன கூட்டாளியைப் பற்றி.

எங்கள் இதழில் ஒரு முறை இருக்கிறது. கட்டுரையைப் பெயர் நீக்கி வெளியில் இருவருக்கு அனுப்புவோம். எழுதியவர் யார் என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியாது. மதிப்பிட்டவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. ஆசிரியருக்கு மட்டும் இரண்டும் தெரியும். தெரிந்துகொண்டு தூக்கம் வராமல் இருப்பது அவர் வேலை.

முதல் மதிப்பீட்டாளர் சுலபமாகக் கிடைத்தார். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் மறுத்தார்கள். ஒருவர் பணி ஓய்வு பெற்றுவிட்டதாக எழுதினார், அவருக்கு வயது நாற்பது. இதழின் இணையதளத்தில் ஒரு பொத்தான் உண்டு. தலைப்பைக் கொடுத்தால் பொருத்தமான ஆளைத் தேடி அதுவே கடிதமும் அனுப்பிவிடும். அழுத்தினேன். போய்விட்டது. பிறகுதான் யாருக்குப் போனது என்று பார்த்தேன். முனைவர் செ. பிரீத்திகா. ஆய்வுத் தலைப்பு, கோவை அரவைக்கல் பட்டறைகள்.

பெண் பார்க்கப் போனபோது தீசிஸ் முடிஞ்சுதுங்களா என்று கேட்டேன். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். முடிஞ்சுதுங்க என்றாள். தலைப்பைக் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் துறையில் அது கேட்கக்கூடாத கேள்வி. பதில் முடிய நேரமாகும்.

திரும்பப் பெறுவதற்குள் சம்மதம் வந்துவிட்டது. "மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, கட்டுரையை மதிப்பிட உடன்படுகிறேன்." அடுத்த நிமிடம் வாட்சப்பில், "சாப்டீங்களா?" சாரிடம் ஓடினேன். எழுதியவர் வருங்கால மாமனார் சார், மதிப்பிடுவது அவர் மகள் சார் என்றேன். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஆசிரியருக்கும் கட்டுரையாளருக்கும் உறவு இருக்கக் கூடாது என்று இருந்தது.

"உறவு ஆயிருச்சுங்களா?"

"ஆவணியிலதான் சார்."

"அப்ப இன்னும் ஆகலை. ஆகறதுக்குள்ள முடிச்சுபோடுங்க."

"அந்தப் பொண்ணுக்கு அது அவங்க அப்பா எழுதினதுன்னு தெரியாதுங்க சார்."

"அப்ப வேலை இன்னுஞ் சுலபம். நீங்க வாயத் தொறக்காதீங்க."

திறக்கவில்லை. அறிக்கைகள் வந்தன. முதலாமவர் மூன்றே சொல்லில் முடித்திருந்தார். நன்று. தாராளமாக வெளியிடலாம். பிரீத்திகாவுடையது நீளம். சில வரிகளை அப்படியே தருகிறேன். "இது வரலாறு அல்ல, கல்யாண ஆல்பம். யாரும் அழவில்லை, எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள்." "கூட்டாளியின் தரப்பையும் கேட்டிருக்கலாம். அவர் உயிரோடுதான் இருக்கிறார்." "பட்டறை இரவு பகலாக ஓடியது என்கிறார். வேலை செய்தவர்களுக்குச் சோறு யார் ஆக்கியது? அந்த ஆள் ஏன் இந்தக் கட்டுரையில் எங்கேயும் இல்லை?" கடைசியில், இந்த வடிவில் வெளியிட இயலாது.

சரியான அறிக்கை. நான் எழுதியிருக்க வேண்டியது. எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது.

ஒருவர் வேண்டும் என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார். முடிவு என் கையில். போட்டால் இதழுக்குப் பொய். மறுத்தால் நேரில் போய் அழைத்த மனிதரைத் திருப்பி அனுப்பியதாகும், அதுவும் பெண் கொடுக்கப்போகிறவரை, அதுவும் அவர் பெண்ணின் சொல்லைக் கொண்டே. அவளுக்குத் தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன், அவருக்குத் தெரிந்தால் அவள் அந்த வீட்டில் எப்படி இருப்பாள். மறுபடி சாரிடம். அவர் கையை விரித்தார். "பந்தியில உக்கார வெச்சுட்டீங்க தம்பி. எழுப்பறதுக்கு என்னால ஆகாதுங்க. உங்க விருந்தாளி."

அறிக்கையை மாமாவுக்கு அப்படியே அனுப்பினேன். திருத்தி எழுதித் தந்தால் மீண்டும் பார்க்கிறோம் என்று ஒரு வரி சேர்த்தேன். போனை அணைத்துவிட்டேன்.

பதில் இல்லை. சில நாள் கழித்து பிரீத்திகாவின் அம்மா ரங்கம்மாள் அத்தை கூப்பிட்டார். "தம்பி, அவரு ரூமை உட்டு வெளிய வாரதில்லைங்க. சோறு உள்ளயே போகுது." அதே வாரம் மண்டபத்துக்காரர் முன்பணத்துக்குப் போன் செய்திருக்கிறார். மாமா, "இப்பப் பேசாதீங்க, எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். மண்டபத்துக்காரர் சமையல்காரரிடம் சொல்ல, சமையல்காரர் உங்கள் சகலையிடம் சொல்ல, பெங்களூருக்கு வந்துசேரும்போது நிச்சயமே நின்றுபோயிருந்தது.

நான் கிணத்துக்கடவுக்குப் போனேன். மாமா கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். காதைத் தீட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

"வாங்க மாப்ள." தமிழ். "யாருங்க அந்த ஆளு?"

"சொல்லக் கூடாதுங்க மாமா."

"ஆம்பளையா பொம்பளையா, அதையாவது சொல்லுங்க."

பிரீத்திகா முறுக்குத் தட்டோடு வந்தாள். "எடிட்டருக்கு ஆள் யாருன்னு தெரியுமாங்க?" என்றாள்.

"தெரியும்."

"ரொம்பப் பொல்லாத ஆளா இருப்பாங்க போல."

முறுக்கு தொண்டையில் நின்றது. அத்தை தண்ணீர் கொடுத்தார். அதற்குள் மாமா உள்ளே போய் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். புதிதாக எழுதியது.

"பொல்லாத ஆளுதானுங்க. ஆனாப் பாருங்க, ஒரு வரி உடாமப் படிச்சிருக்குது. இந்த ஊட்டுல ஒருத்தரும் ரெண்டாம் பக்கம் தாண்டலை. சோறு யார் ஆக்கினதுன்னு கேட்டுச்சு பாருங்க, ரெண்டு நாள் எனக்கு ஓடவே இல்லை. அப்பறம் உங்க அத்தைகிட்டப் போயி உக்காந்து கேட்டேன். சொன்னா. விடிய விடியச் சொன்னா. முப்பது வருஷம் எனக்குத் தெரியாதுங்க அது."

அத்தை தாள்களை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

திருத்திய கட்டுரை நன்றாக இருந்தது. அத்தைக்கு ஒரு தனிப் பகுதி. கூட்டாளியைப் போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டு பேர் அழுகிறார்கள். ஒரு மோட்டார் எரிகிறது. பிரீத்திகா மறுபடி படித்து, வெளியிடலாம் என்று எழுதிவிட்டாள். இதழ் நாளை அச்சுக்குப் போகிறது. அப்பாவுக்கு மகளைத் தெரியாது, மகளுக்கு அப்பாவைத் தெரியாது, இருவரையும் காப்பாற்றிக் கரைசேர்த்துவிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன்.

சித்திக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. இங்கே அம்மா உங்களை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னார். ஆவணியில் நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து ஆசி கூற வேண்டும். காதுக் கருவியை மறக்காமல் கொண்டுவரவும்.

தங்கள் ஆசியை நாடும்,
உதய்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் பிரீத்திகா வந்தாள். எல்லாம் முடிந்துவிட்டதே என்று கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். படித்தாள். கட்டுரையோட முதல் வரியிலேயே தெரியுங்க, பத்து வருஷமாச் சாப்பிடும்போது அப்பா சொல்ற வரி அது என்றாள். சோறு யார் ஆக்கியது என்ற கேள்வி அவளுடையதே இல்லையாம். அத்தை சொல்லச் சொல்ல இவள் எழுதியது. அப்பாவுக்குத் தெரியாதே என்றேன். அப்பாவுக்குப் போனைப் போட்டு என் கையில் கொடுத்தாள். "எம்புள்ள திட்டறது எனக்குத் தெரியாதுங்களா மாப்ள? நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லலை" என்றார். ஆக எல்லோருக்கும் எல்லாம் தெரியும். முறைப்படி இந்த மதிப்பீடு செல்லாது. இதழ் நாளை அச்சுக்குப் போகாது. கட்டுரையை வேறு ஆளுக்கு அனுப்பியாக வேண்டும் மாமா என்று சொன்னேன். "அனுப்புங்க, அதுக்கென்னங்க. ஆனா மூணு வார்த்தை எழுதற ஆளு வேண்டாம். நல்லாத் திட்டற ஆளாப் பாருங்க" என்றார். பெங்களூரில் அப்படி யாராவது இருந்தால் தெரியப்படுத்தவும், சித்தப்பா. நேரில் வந்து அழைக்கிறேன்.