மாமனாருக்கே எல்லா அழைப்பும்

பல் கிளினிக் திறந்து அரை மணி நேரம் ஆகியும் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நோயாளிகளோ, "உங்கள் முறை வந்துவிட்டது" என்ற செய்தி செல்போனில் வரட்டும் என்று அவரவர் வீட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தச் செய்தியை அனுப்பும் புரோகிராமை எழுதிய மாப்பிள்ளை, வரவேற்பு மேசைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. இருந்தும் இந்தக் கதையில் அவனை மாப்பிள்ளை என்றுதான் சொல்லியாக வேண்டும். அன்றைய முதல் செய்தி போய்ச் சேர்ந்த இடம் அவன் மாமனாரின் செல்போன்.

இன்று எல்லாம் ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம் என்று அவன் கம்பெனி மானேஜர் சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது.

புரோகிராம் என்னவோ அழகானதுதான். செய்தி அனுப்பும் பகுதிக்கு யாருக்கு அனுப்புவது என்று சொந்தமாக எதுவும் தெரியாது. புரோகிராம் ஓடத் தொடங்கும்போது செட்டிங்ஸ் ஃபைலைப் படித்து, ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டியதைக் கையில் கொடுத்துவிடும். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று அதற்குப் பெயர். முந்தின நாள் மாலை மனைவிக்கு இதை விளக்கினான்.

"வேலை செய்யறவன் எதையும் தேடிப் போகக் கூடாது. வேண்டியதை வெளியிலேர்ந்து கையில கொடுத்துடணும்."

"அதான் துண்டு எடுக்காமலே குளிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் தொழில். வழக்கமாக அவன் பேச்சுக்குக் கொட்டாவி விடுகிறவள், அன்று தோண்டித் தோண்டிக் கேட்டாள். பொது ஃபைல் ஒன்று, சோதனை ஃபைல் ஒன்று, இரண்டும் இருந்தால் சோதனை ஃபைல் சொல்வதுதான் செல்லும் என்று அவன் பெருமையாகச் சொன்னான். சோதனை ஃபைலில் எல்லாச் செய்திக்கும் மாமனாரின் நம்பர்தான். சும்மா அனுப்பிப் பார்க்கும் செய்திக்கெல்லாம் "கிடைத்தது, நன்றி" என்று பதில் போட உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? சோதனைதான் முடிந்துவிட்டதே என்று அவள் கண்ணெதிரிலேயே அதை அழித்துவிட்டுக் குளிக்கப் போனான். துண்டு பின்னால் வந்தது.

மாமனார் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைவாய்ப் பல் சொத்தையாகி மாதக்கணக்காகிறது. மகள் கெஞ்சினாள், மாமியார் மிரட்டினார். வீங்கிய கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே "பல்லுக்கு ஒண்ணுமில்லை" என்பார். ஆனால் எழுத்தில் வந்த அழைப்பை அவர் வாழ்நாளில் மீறியதில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் கிளினிக்குக்குள் நுழைந்து, செல்போனைத் தூக்கிக் காட்டினார்.

"என்னைக் கூப்பிட்டிருக்காங்க மாப்பிள்ளை."

"அது உங்களுக்கு இல்லை மாமா. தவறி வந்துடுச்சு."

"அப்போ ரத்துன்னு எழுத்துல அனுப்பச் சொல்லுங்க. வாய்ல சொன்னா செல்லாது" என்று சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்க அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டுக்குப் போனார்.

மாப்பிள்ளை பொது ஃபைலைத் திறந்து பார்த்தான். சரியாக இருந்தது. சரியாக இருந்ததை இன்னும் சரியாக்கினான். அடுத்த அழைப்பும் மாமனாருக்கே போனது.

தொடக்கத்தில் ஒரே ஒரு முறை படிப்பதால்தான் இந்த வம்பு என்று அவனுக்குத் தோன்றியது. ஓடும்போதே மறுபடி மறுபடி செட்டிங்ஸைப் படிக்கும்படி மாற்றினான். புரோகிராம் சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு முறை படித்து முடித்ததும், நிலுவையில் இருந்த செய்திகளையெல்லாம் புதிதாக ஒரு தடவை அனுப்பியது. எதுவும் சாப்பிடாமல் வரவும் என்று ஒன்று, துணைக்கு ஒருவரை அழைத்து வரவும் என்று இன்னொன்று. மாமனார் வெறும் வயிற்றோடு மாமியாரை அழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ரத்து இன்னும் வரலை மாப்பிள்ளை" என்று நினைவுபடுத்தினார்.

மாப்பிள்ளை மறுபடி கீபோர்டை இழுத்தான். முதலில் இவரைக் கிளப்பிவிடுவோம் என்று, ரத்துச் செய்தி அனுப்பும் பகுதிக்கு மட்டும் பொது ஃபைலைத் தன் கையாலேயே கொடுத்தான். அது கச்சிதமாக வேலை செய்தது. அழைப்பெல்லாம் மாமனாருக்கு, ரத்தெல்லாம் நோயாளிகளுக்கு என்று ஆனது. வரவேற்பு மேசையில் போன் ஓயாமல் அடித்தது. எடுத்த பெண் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அவனை முறைத்தாள். வேலை போய்விட்டது என்றே அவன் முடிவுகட்டிவிட்டான்.

டாக்டர் வெளியே வந்தார். ஊரில் மிச்சமிருந்த ஒரே நோயாளியைப் பார்த்தார்.

"வாங்க, பார்த்துடலாம்."

"என் பல்லுக்கு ஒண்ணுமில்லை."

"அப்போ ஏன் வந்தீங்க?"

மாமனார் செல்போனைப் பார்த்தார். அத்தனை அழைப்பும் இருந்தன, ரத்து ஒன்றுகூட இல்லை. எழுந்து உள்ளே போனார்.

அதன் பிறகுதான் மாப்பிள்ளைக்குப் புத்தி வந்து, ஃபோல்டரை முழுதாகப் பார்த்தான். சோதனை ஃபைல் அங்கே சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. தன் கையால் அழித்த ஃபைல். வாய்க்குள் தன்னையே திட்டிக்கொண்டு அதை அழித்து, புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். எல்லாம் சரியாகிவிட்டது. நோயாளிகள் முணுமுணுத்தபடி ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

டாக்டர் ஒரு தட்டில் பல்லோடு வந்து, மாமியாரிடம் கதையைக் கேட்டுவிட்டு, மானேஜருக்குப் போன் போட்டார். வீட்டில் யாராலும் கிளப்ப முடியாத மனுஷனை இந்தப் புரோகிராம் வெறும் வயிற்றோடு கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறது, இதையே வைத்துக்கொள்கிறேன் என்றார். பின்னாலேயே மானேஜரும் மாப்பிள்ளையை அழைத்தார். வேலை நிரந்தரம்.

மாப்பிள்ளை மாமியாருக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். வாயில் பஞ்சோடு மாமனார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சது அத்தை. அழிச்ச ஃபைல் எப்படித் திரும்பி வந்ததுன்னுதான் புரியலை."

மாமியார் கணவரின் மோவாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க குளிக்கப் போனப்பவே அவ எனக்குப் போன் பண்ணிட்டா மாப்பிள்ளை, காலையில அப்பாவுக்கு எழுத்துலயே அழைப்பு வரும், நீ ஒண்ணும் பேசாதேன்னு. அவர் நாற்காலியில உட்கார்றதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சுடுவீங்களோன்னுதான் ரொம்ப பயந்தா, பாவம்."