நான்காவது போர்டு

"பெர்மிஷன் இங்கதான குடுக்குறீங்க?" என்று கேட்டபடி தையல்காரம்மா இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குள் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர்.

முந்தின நாள் குமாஸ்தாவே எழுதி, வாசல் சுவரில் மாட்டச் சொன்ன போர்டின் விளைவு இது. படியில் உட்காருவது 'நாட் பெர்மிட்டட்' என்று நாசூக்காக எழுதியிருந்தார்.

"யாரும்மா பெர்மிஷன்னு சொன்னது?"

"வாட்ச்மேன்தான் போர்டைப் படிச்சுச் சொன்னாரு. அனுமதி இல்லியாம்ல? அதான் வாங்கிட்டுப் போலாம்னு வந்தோம்."

அனுமதி என்று ஒருவர் வந்து பணிவாகக் கேட்டால் இல்லை என்று சொல்லும் வாய் குமாஸ்தாவுக்குக் கடவுள் கொடுக்கவில்லை. "சரி, உக்காருங்க" என்றார். ஆறு பேரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்தார்கள்.

பக்கத்துக் கட்டடம் மழலையர் பள்ளி. மணியடித்தால்தான் கதவைத் திறப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வருபவர்களுக்கு அந்தத் தெருவில் நிழல் என்று இருந்தது ஆபீசின் மூன்று படிகள் மட்டுமே. அவர்களால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, மேனேஜரைத் தவிர.

"வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் வர்றார்" என்றார் மேனேஜர். "அன்னிக்குப் படியில ஒரு தலை தெரிஞ்சாலும் உங்களைத் துறைமுகக் கிளைக்கு மாத்திடுவேன். இங்கிலீஷ்ல எழுதுங்க, அதான் தலைமை ஆபீஸ் விதி. ஆனா உறைக்கிற மாதிரி எழுதுங்க."

துறைமுகக் கிளைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். குமாஸ்தாவின் வீடோ இரண்டு தெரு தள்ளி. தினமும் ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓடி, படுக்கையிலிருக்கும் அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு ஓடி வருவார். மனைவிக்குப் பகல் வேலை. வேறு ஆள் கிடையாது.

அன்று சாயங்காலம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு 'கூடாது' என்பதற்கு இங்கிலீஷ்காரன் எத்தனை சொல் வைத்திருக்கிறான் என்று மலைப்பாக இருந்தது. 'நாட் அலவ்டு' என்றால் பள்ளிக்கூட வாத்தியார் பிரம்போடு நிற்பது போலிருந்தது. 'டிஸ்அலவ்டு', கணக்கில் சிவப்பு மையால் அடித்தது மாதிரி. கடைசியில் 'புரோஹிபிடெட்' என்று எழுதினார். அதில் ஒரு போலீஸ் தொப்பி தெரிந்தது.

தொப்பி கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது. மறுநாள் படியில் யாரும் உட்காரவில்லை. எல்லாரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பாலிசி எடுக்க வந்த இருவர் அந்தக் கூட்டத்தையும் போர்டையும் பார்த்துவிட்டு, "ஏதோ ரெய்டு போல" என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

"வர்றவங்களை விரட்டவா போர்டு வெச்சோம்?" என்றார் மேனேஜர். "வேற வார்த்தை போடுங்க."

மூன்றாவது, 'ஃபர்பிடன்'. எழுதும்போதே கை கூசியது. ஒருவரைப் பார்த்து இதைச் சொல்லும் தகுதி ஆண்டவனுக்கு மட்டும்தான் உண்டு என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுதி முடித்தார்.

விலக்கப்பட்ட இடம் என்ற அந்தப் போர்டின் கீழே உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளக் கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள். தையல்காரம்மா நகர்ந்து இடம் கொடுத்து, "நல்லாச் சிரிங்க கண்ணுங்களா" என்று போனை வாங்கிப் படமும் எடுத்துக் கொடுத்தார்.

வியாழன் மாலை மூன்றாவதைக் கழற்றிவிட்டு, நான்காவது போர்டைக் கையில் வைத்துக்கொண்டு குமாஸ்தா வாட்ச்மேனிடம் வந்தார்.

"இது என்ன சார்?"

"பேன்டு. அடியோட தடைன்னு அர்த்தம்."

"முன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது ரொம்பப் பொல்லாத வார்த்தைண்ணே. கள்ளக்கடத்தல்காரனுக்கு எழுதுறது. பிள்ளையைக் கூப்பிட வர்றவங்களுக்கு எழுதுறேன் பாருங்க." அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் வேற வழி தெரியல. மாத்திட்டாங்கன்னா மத்தியானம் அப்பா வாசலையே பாத்துட்டுக் கெடப்பாரு."

வாட்ச்மேன் போர்டை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் வரும்போது மணி பன்னிரண்டு. குமாஸ்தா தன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். போர்டு மாட்டும் சுவர் அங்கிருந்து தெரியாது, படிகள் மட்டும் தெரியும். மூன்று படியும் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தன.

"வாசல் சுத்தமா இருக்கே" என்று பாராட்டிவிட்டு ஆபீசர் அரை மணி நேரத்தில் கிளம்பினார்.

மேனேஜர் குமாஸ்தாவின் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா? எல்லாம் சரியான வார்த்தையைப் பிடிக்கிறதுலதான் இருக்கு. நீங்க இங்கயே இருங்க."

குமாஸ்தாவுக்கு நிம்மதி வந்தது. மறுபடி வெளியே எட்டிப் பார்க்கும்வரைதான் அது நிலைத்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவின் மறுபக்கம், கொளுத்தும் வெயிலில் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தையல்காரம்மா துணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எத்தனை கடுமையான சொல்லாக இருந்தால் இந்த வெயிலில் போய் நிற்பார்கள்.

வாசலுக்கு ஓடினார். எதிர்ப்பக்கம் இருந்து பார்வையை எடுக்காமலே, "அண்ணே, அந்தப் போர்டை உடனே கழட்டுங்க. ஆபீசர்தான் போயிட்டாரே. அவங்களைக் கூப்பிடுங்க" என்றார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து தையல்காரம்மா அவரைப் பார்த்துக் கையசைத்தார். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"எதைக் கழட்டுறது சார்? அதை நான் மாட்டவே இல்ல. என் ரூம்லதான் கெடக்கு. உங்களுக்கு மாத்தல் வந்துட்டா மத்தியானம் உங்கப்பாவுக்குச் சாப்பாடு ஊட்ட ஆளில்லன்னு மட்டும் சொன்னேன், அவங்களாவே எந்திரிச்சுப் போயிட்டாங்க."