பக்கத்து வீட்டுக்காரரைவிடச் சோம்பேறி

பேனா தேடிய இடத்தில் சுகுமாறனுக்கு மனைவியின் ஆங்கில நோட்டுப் புத்தகம் அகப்பட்டது.

சந்திரமதி ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறாள். ஆங்கிலம் சரளமாக வந்தால் ஜொகூர் பாருவில் நல்ல வேலை கிடைக்குமாம். அதற்காக இரண்டு மாதமாக வியாழக்கிழமை சாயங்காலங்களில் பண்டார் தெங்காரா மண்டபத்தில் வகுப்புக்குப் போகிறாள். சமைக்கும்போதுகூட, "பிக், பிக்கர், பிக்கஸ்ட்" என்று முணுமுணுப்பாள்.

கடைசிப் பக்கத்தில் ஐந்து வாக்கியங்கள் இருந்தன. முதல் வாக்கியம்: 'மை ஹஸ்பண்ட் இஸ் லேசியர் தேன் மை நெய்பர்.'

சுகுமாறன் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டுகிறவன். இந்த அளவு இங்கிலீஷ் அவனுக்குப் புரியும். பக்கத்து வீட்டுக்காரரைவிடச் சோம்பேறி. அடுத்து, போன வருஷத்தைவிட ஃபேட்டர். குறட்டையில் தெருவிலேயே லவுடஸ்ட். நான்காவதில் பக்கத்து வீட்டுக்காரர் அவனைவிட மோர் ஹேண்ட்சம். ஐந்தாவதை இரண்டு தடவை படித்தான்: 'ஹி இஸ் தி வர்ஸ்ட் லிசனர் இன் தி வேர்ல்ட்.' சொன்னதைக் காதில் வாங்காதவர்களில் உலகத்திலேயே மோசமானவன்.

ஐந்துக்கும் டீச்சர் சிவப்பு மையில் சரி போட்டு, 'எக்சலன்ட்' என்றும் எழுதியிருந்தார்.

சுகுமாறன் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தான். செல்லப்பன் கைலியோடு வாசலில் நின்று காது குடைந்துகொண்டிருந்தார். வயது அறுபத்தொன்று. முன்பல் இரண்டு கிடையாது.

"இவரா?" என்றான் வாய்விட்டு.

கேட்டால் சண்டை வரும். சண்டை போட்டால் ஐந்தாவது வாக்கியம் உண்மையாகிவிடும். பேசாமல் திருந்திக் காட்டுவது என்று முடிவு செய்தான்.

மறுநாளே துணி துவைத்தான். அவனுடைய ஆலைச் சட்டையின் நீலம் முழுவதும் அவளுடைய வெள்ளை யூனிஃபார்மில் ஏறிவிட்டது.

"யாருங்க உங்கள துவைக்கச் சொன்னா?"

"ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்..."

"பதினாலு வருஷமா வராத ஒத்தாசை இன்னிக்கி எங்கேருந்து வந்துச்சு?"

ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினான்.

"வெளியில சாப்டு வந்தாச்சா?"

"இல்ல லா. பசிக்கல."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை மூடினாள். குறட்டை காதில் விழாமலிருக்க அவன் ஹாலில் படுக்கத் தொடங்கியதும் அவள் பேச்சு இன்னும் குறைந்தது. சனிக்கிழமை காலையில் நரைத்த தலைக்கு மை பூசி, சென்ட் அடித்துக்கொண்டு வந்து நின்றான்.

சந்திரமதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வீட்டுல சாப்பிடறதில்ல. தனியா படுக்கறீங்க. இப்ப தலைக்கு மை. எனக்கு ஒன்னும் புரியாதுன்னு நெனச்சீங்களா?"

சுகுமாறன் வாயைத் திறக்கப் போனான். ஐந்தாவது வாக்கியம் ஞாபகம் வந்தது. குறுக்கே பேசாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கவனமாகக் கேட்டான்.

"வேற ஒருத்தி இருக்கா. அப்படித்தானே?"

கேட்டுக்கொண்டிருப்பதற்கு அடையாளமாகத் தலையாட்டினான்.

அரை மணி நேரத்தில் அவள் பையோடு சாஆ ஊரிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அவன் பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்ன எதையும் அவள் காதில் வாங்கவில்லை.

ஐந்து நாள் அவள் போனை எடுக்கவில்லை. சுகுமாறன் தனியாக உட்கார்ந்து ரொட்டியைத் தின்றான். பிக், பிக்கர் என்று யாரும் முணுமுணுக்காத வீடு அவனுக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை நேராக மண்டபத்துக்குப் போனான். வாசல் பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் தலையில் மை இன்னும் காயவில்லை. இன்னொருவர் விரல்களில் சமையலில் சுட்டுக்கொண்டதற்குப் போட்ட கட்டு.

சிகப்பி டீச்சர் வெளியே வந்ததும் சுகுமாறன் எழுந்து நின்றான்.

"டீச்சர், நான் சந்திரமதி வீட்டுக்காரன். அவ கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா. நான் சோம்பேறிதான், ஒத்துக்கறேன். அதுக்காக அந்த அஞ்சுக்கும் நீங்க சரி போடலாமா? எக்சலன்ட் வேற!"

பெஞ்சிலிருந்த இருவரும் முன்னால் சாய்ந்தார்கள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உக்காருங்க அண்ணே, சந்திரமதிக்கு நானே போன் போட்டுச் சொல்லிடறேன். அது டிக்டேஷன். என் வீட்டுக்காரரப் பத்தி நான் சொல்லச் சொல்ல பதினோரு பேரும் எழுதுனாங்க. உங்க மூணு பேரோட சேத்து அந்தப் பதினோரு பேரோட புருஷனுங்களும் வந்து கேட்டாச்சு, என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் இன்னும் கேக்கல."